வீட்டில் இருக்கும் பிள்ளை எந்தக் கணக்கில்?

ஐந்தாம், எட்டாம் வகுப்பில் மாணவரை நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. எட்டு வரை எல்லோரும் தேர்ச்சி என்று 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை பதிலடி கொடுத்தது. இரு தரப்பும் மல்லுக்கட்டுவது பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைக்காக. வாசலையே மிதிக்காத பிள்ளை இருவர் கண்ணிலும் படவில்லை.

‘ஃபெயில் போட்டால் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன், சட்டம் தடுக்குமா?’ என்று நெமிலி போன்ற சிற்றூர்களிலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நேரான பதில் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. மீறினால் தண்டனை? எதுவுமில்லை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துபவருக்கு மட்டும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000. 2012 திருத்தம் வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதித்தது கடும் குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே.

வசதியுள்ள பெற்றோருக்குச் சட்டத்தின் இந்த மௌனம் தோதாக இருக்கிறது. 14 வயதானதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொள்வார்கள். வசதியில்லாதவர் நிலை அறிய ஆம்பூர்ப் பக்கம் வாருங்கள். சாக்குமூட்டையில் ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ வீட்டுக்கே வந்து இறங்கும். துளை துளையாக ஊசி கோத்து இழுக்கிறாள் தாய். ஜோடிக் கணக்கில்தான் கூலி. பள்ளிக்குப் போகாத மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கையும் சேர்ந்துகொள்ளும். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம். பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது?

பிரான்ஸைப் பாருங்கள். அங்கே வீட்டில் படிக்க வைக்க முன்பு தகவல் சொன்னால் போதும். 2022 கல்வியாண்டு முதல் அனுமதி வாங்க வேண்டும். உடல்நலம் அல்லது குறைபாடு. தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி. ஊர் ஊராக நகரும் குடும்பம் அல்லது எட்டாத தொலைவில் பள்ளி. பிள்ளைக்கே உரிய தனிச்சூழல் என நான்கே காரணங்கள். அனுமதி கிடைத்தாலும் ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. ஜெர்மனி வீட்டுக் கல்விக்கு ஏறக்குறைய இடமே தருவதில்லை. 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதன் பக்கம்தான் நின்றது.

வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைப்பதா என்று சிலர் கொதிப்பார்கள். தடுப்பூசி போட வாசலுக்கு வரும் செவிலியரை வரவேற்பவர்கள், பிள்ளை படிக்கிறதா என்று கேட்பவரை மட்டும் விரட்டுவது சுயநலம். வேறு பெயர் இல்லை.

புதுச் சட்டமும் தேவையில்லை. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்று 9ஆம் பிரிவே சொல்கிறது. நெமிலி பேரூராட்சியிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். யார் கற்பிக்கிறார், என்ன பாடம், வட்டாரக் கல்வி அலுவலர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார் என்று எழுதுங்கள். பள்ளிப் பதிவிலும் இல்லாமல், இந்தப் பத்தியிலும் இல்லாமல் இருக்கும் 6 முதல் 14 வயதுப் பிள்ளை ஒவ்வொருவரையும் குழந்தைத் தொழிலாளர் என்றே அரசு கணக்கெடுக்க வேண்டும்.