‘தகா’ என்றால் தப்பா?

ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தத் தகு பின்னமும் தகா பின்னமும் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேல் எண் சின்னதாக இருந்தால் தகு பின்னம். கீழ் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிசாகவோ இருந்தால் தகா பின்னம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். ‘ஏன் தகாது?’ என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி, கணக்குக்கு விடையாக 7/4 என்று சரியாகத்தான் எழுதினாள். உடனே, “அய்யய்யோ, மேல பெரிசு வந்துடுச்சு ஆன்ட்டி, தப்பு” என்று ரப்பரால் அழித்து 4/7 என்று மாற்றினாள்! யாரும் அவளைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பெயரே சொல்லிவிட்டது. தகாத வார்த்தை, தகாத சகவாசம் என்றே கேட்டு வளர்கிற பிள்ளைக்கு ‘தகா’ என்றால் வேறென்ன தோன்றும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம் பேச்சில் வருவதெல்லாம் கலப்பு பின்னம். ஒண்ணேகால், ஒண்ணரை, ஒண்ணே முக்கால் என்று முழு எண்ணை முன்னால் வைத்துத்தான் சொல்கிறோம். ‘ஏழு கால்’ என்று யாரும் சொல்வதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் அரைக்கால் (1/8), மாகாணி (1/16), முந்திரி (1/320) வரை மனப்பாடம் செய்த ஊர் நம்முடையது. 1957 ஏப்ரல் 1-ல் புதுக்காசு வருவதற்கு முன்னால் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இருபது அணா என்றால் ஒண்ணேகால் ரூபாய் என்று பட்டென்று சொல்வாள். எழுதிப் பாருங்கள்: 20/16. சுத்தமான தகா பின்னம்!

இப்போதும்தான் என்ன? அரை லிட்டர் பால் பாக்கெட் மூன்று வாங்கினால் 3/2, அதாவது ஒண்ணரை லிட்டர். எண்ணூர், மணலிப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீடு இங்கே நிறைய. எட்டு மணி நேர ஷிப்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அது 12/8, ஒண்ணரை ஷிப்ட். அதைத் தகாது என்று யாராவது கூலியைக் குறைத்தால் சும்மா இருப்போமா? (தூக்கம் கெடுவது தனிக் கதை.)

கணக்குப் போட வசதியானதும் இந்தத் தகா பின்னம்தான். ஒரு நாளைக்கு ஒண்ணே முக்கால் டம்ளர் அரிசி என்றால் மூன்று நாளைக்கு எவ்வளவு? ஏழு கால், மூன்று தடவை, இருபத்தொரு கால். நாலால் வகுத்தால் அஞ்சேகால் டம்ளர். முடிந்தது வேலை.

பெயரை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. ‘தகா’ என்றால் தப்பில்லை, ஒன்றோ ஒன்றுக்கு மேலோ என்றுதான் அர்த்தம் என்பதை டீச்சர்கள் முதல் நாளே சொல்லிவிடலாம். நம்மில் சிலர் மகள் நோட்டை நீட்டியதுமே, “எனக்கே கணக்கு வராது, டியூஷன்ல கேட்டுக்கோ” என்கிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பால் கணக்கும் பூ கணக்கும் பார்க்கிற நமக்கா கணக்கு வராது? அம்மாவுக்கு வராது என்றால் தனக்கும் வராது என்று அந்தப் பெண் அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறாள்.

இன்றைக்கு அரிசி ஊறப் போடும்போது, நாலு தடவை கொட்டினால் ஒரு டம்ளர் நிறைகிற சின்னக் கிண்ணம் ஒன்றை மகளிடம் கொடுங்கள். ஒண்ணே முக்கால் டம்ளர் அளக்கச் சொல்லுங்கள். எத்தனை கிண்ணம் என்று அவளே எண்ணி, அந்த ஏழை மேலேயும் நாலைக் கீழேயும் எழுதட்டும். மகனாக இருந்தாலும் சரிதான், அவனும் இட்லி தின்கிறான் இல்லையா?

– ஒரு இல்லத்தரசி, திருவொற்றியூர், சென்னை-19.