சிறு வலைப்பதிவுகள் ஒன்றுசேர்ந்த கதை நமக்குச் சொல்வது என்ன?

2007ஆம் ஆண்டில் டிமோதி தியா, சியோ மிங் ஷென் என்ற இரு நண்பர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘நஃப்நாங்’ என்ற வலைப்பதிவு விளம்பர அமைப்பைத் தொடங்கினர்.

அவர்கள் போட்டது எளிய கணக்கு. நாளுக்கு இருநூறு பேர் படிக்கும் பதிவரைத் தேடி எந்த விளம்பரதாரரும் வரமாட்டார். அத்தகைய நூற்றுக்கணக்கானோர் ஒரே குடையின்கீழ் திரண்டால் அதுவே ஒரு சந்தை. விளம்பர வருமானத்தில் பதிவருக்கும் பங்கு கிடைத்தது. இந்த அமைப்பு பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா வரை விரிந்தது. தாய் நிறுவனமான நெட்சென்ட்ரிக் 2015இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

பின்னர் வாசகர்கள் முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நகர்ந்தனர். விளம்பரப் பணமும் அவர்கள் பின்னாலேயே போனது. பல வலைப்பதிவுகள் ஓய்ந்தன.

இதில் நமக்கும் பாடம் உண்டு. தோட்டத்து நினைவுகள், தமிழ்ப்பள்ளிச் செய்திகள், ஆலய நிகழ்ச்சிகள் எல்லாம் இன்று ஆளுக்கொரு முகநூல் பக்கத்திலும் புலனக் குழுவிலும் சிதறிக் கிடக்கின்றன. தீபாவளி வந்தால் எல்லாரும் அதே நான்கு கடைக்காரர்களிடம் தனித்தனியாக விளம்பரம் கேட்டு நிற்கிறோம்.

ஒரு வட்டாரத்தில் உள்ள ஐந்தாறு பக்கங்கள் சேர்ந்து ஒரே விளம்பரக் கட்டணம் வைத்தால், கடைக்காரருக்கும் பயன், எழுதுபவருக்கும் வருமானம்.

ஆனால், எழுத்துக்கும் படங்களுக்கும் நகல் நம் கையில் இருக்க வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. அங்கு வாழ்ந்தவர்களின் கதை மற்றவர் தளத்தில் மட்டும் இருந்தால், அந்தத் தளம் மூடப்படும் நாளில் அதுவும் போய்விடும்.