கரை தானா இடியல, இடிய வச்சாங்க!

பாலாற்றங்கரை விவசாயப் பெருமக்களே!

2021 நவம்பரில் வாலாஜா பாலாறு அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் போனது. கரையோர நிலங்களை ஆறு அறுத்துக்கொண்டு போனது. கேட்டால் "இயற்கைச் சீற்றம்" என்று ஒரே வரியில் கணக்கை முடிக்கிறார்கள்.

இயற்கைக்கும் பங்கு உண்டு, இல்லேன்னு சொல்லல. நம்ம கரை பாறை இல்லை. ஆறே கொண்டுவந்து போட்ட மண். மேலே வண்டலும் களியும், அடியில் மணல். வளைவில் அடிமணலைத் தண்ணி அரித்தால் மேல்மண் தொங்கிப் பொத்தென்று விழும். வெள்ளம் வடியும்போதுதான் ஆபத்து அதிகம். ஊறிக் கனத்த கரைக்கு முட்டுக் கொடுத்த தண்ணி சட்டுனு விலகிடுது.

ஆனால் 1903 நவம்பரிலும் வாணியம்பாடியைப் புரட்டிப்போட்ட வெள்ளம் வந்ததே! வெள்ளம் புதுசில்லை. பள்ளமாகிப்போன ஆத்துப் படுகைதான் புதுசு.

மணலை ஆழமாக அள்ளினால் ஆத்துத் தரை இறங்கும். ஆறடிக் கரை பன்னிரண்டடி ஆகும், தன் கனத்திலேயே சரியும். குழியில் விழுகிற தண்ணி மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். குவாரி ஒரு ஊரில், கரை இடியறது இன்னொரு ஊரில்! மூன்று மீட்டருக்கு மேல் தோண்டாதே, கரையோரத்தைத் தொடாதே என்கிறது மத்திய அரசின் 2016 நெறிமுறை. 2003இல் மணல் குவாரியை மாநில அரசே கையில் எடுத்தது. அள்ளுறவனே அளக்கிறவன் என்றால் யார் கேட்பது?

தோல் கழிவின் உப்பு வேறு. அதிலுள்ள சோடியம் களிமண்ணில் ஏறினால், மழைத்தண்ணி பட்டதும் மண் கட்டு விட்டுக் கரையும். உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது, 2025 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. உப்பு ஏறிய நிலம் இன்னும் அப்படியேதான் கிடக்கு.

ஆறு திசைமாறி நிலம் போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்று 2022-26க்கான பேரிடர் நிவாரண விதி வகுத்தது. ஏக்கருக்குச் சுமார் 19,000! தென்னந்தோப்புக்கு இதுவா விலை? ஆத்தோடு போன மண் திரும்ப வருமா?

நம் கோரிக்கைகள்:

* குவாரி நடந்த இடங்களில் ஆத்துத் தரைமட்டத்தை அளந்து கிராம சபையில் வை!
* வளைவுகளில் கல் பதித்துக் கரை கட்டு! வெட்டிவேரும் நாணலும் பனையும் நடு!
* பட்டாவில் மட்டும் மிச்சமிருக்கும் நிலத்துக்குச் சந்தை விலையில் இழப்பீடு கொடு!

அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாளுக்குப் பட்டா நகலோடு திரண்டு வாங்க! இன்னிக்குப் பக்கத்து வயல், நாளைக்கு நம்ம வயல்!

இவண்,
சங்கச் செயலாளர்