எண்ணிக்கை சரி என்றால் எல்லாம் சரியா?

காற்று மாசு நுரையீரலைப் பாதிக்கும், இதயத்தைப் பாதிக்கும். ஆணின் குழந்தைப்பேற்றுத் திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே பலரும் நம்புகிறார்கள். குழந்தை இல்லையென்றால் முதலில் பெண்ணைச் சோதிக்கிறார்கள். ஆணின் முறை வரும்போது சிகரெட், குடி, இரவு வேலை, மடியில் வைத்த லேப்டாப் என்று அவனுடைய பழக்கங்களோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கங்கள் கெடுதல்தான். ஆனால் அவற்றைக் காட்டிக் காற்றைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு ஆதாரம் இடம் தரவில்லை.

பழக்கவழக்கம்தான் காரணம் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு செக் குடியரசின் வடக்கே உள்ள டெப்லிட்சே வட்டாரத்தில் கிடைத்தது. அங்கே மின் நிலையங்களும் வீட்டுக் கணப்புகளும் பழுப்பு நிலக்கரியை எரித்தன. நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அந்த வகைக் கரி. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிந்துவிட, புகை கலைய வழியின்றித் தரையோடு தங்கும். அந்த ஊர் இளைஞர்களின் விந்தை ஆய்வாளர்கள் சோதித்து, 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாசு மிகுந்த காலத்தை அடுத்து எடுத்த மாதிரிகளில் நீந்தும் அணுக்கள் குறைந்தும் உருக்குலைந்தவை கூடியும் இருந்தன. ஆள் வேறு, அதனால் முடிவும் வேறு என்று அப்போதும் ஆட்சேபிக்கலாம். 2005இல் வெளியான அடுத்த ஆய்வு அதற்கு இடம் வைக்கவில்லை. 36 ஆண்களிடம், இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொருவரிடமும் ஏழு தடவை வரை மாதிரி எடுத்தார்கள். ஒருவருக்கு அவரே ஒப்பீடு. மாசு ஏறிய காலத்துக்குப் பின் அதே ஆளின் விந்தணுக்களில் டி.என்.ஏ. சிதைவு கூடியிருந்தது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் அதிகம் பேசப்பட வேண்டியது. 2000ஆம் ஆண்டு முடிவுகளுக்கு மாறாக, இதில் சிதைவு கூடியபோதும் எண்ணிக்கை, நீந்தும் திறன், உருவம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதாவது, வழக்கமான விந்துப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்திருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் காற்று ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்கள், சேதம் பதிவாகாத இடத்தில் சேதத்தைத் தேடுகிறார்கள். விந்தணு முதிரும்போது தன் செல்சாற்றின் பெரும்பகுதியைக் கழற்றிவிடுகிறது. பழுதுபார்க்கும் நொதிகளும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களும் அதோடு போய்விடுகின்றன. மிஞ்சும் சவ்விலோ எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைய. நுண்துகள்கள் உடலுக்குள் கிளப்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை இதைவிடக் குறைந்த தற்காப்போடு எதிர்கொள்ளும் செல் உடலில் அபூர்வம். ஒரு விந்தணு உருவாகி வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது என்பதால், அந்த மூன்று மாதக் காற்று முழுவதும் கணக்கில் வருகிறது.

டெல்லியில் குழந்தை பிறக்கவில்லையா என்று கேட்பார்கள். பிறக்கிறது. மாசு எல்லோரையும் மலடாக்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. வாய்ப்பைக் குறைக்கிறது என்பதே வாதம். எல்லோருக்கும் ஒரே அளவிலும் அல்ல. டெப்லிட்சே ஆண்களிலேயே நச்சை முறிக்கும் ஒரு மரபணு இல்லாதவர்களுக்குப் பாதிப்பு அதிகமாக இருந்தது. பெருந்தொகையில் பார்த்தால்தான் இப்படிப்பட்ட இழப்பு தெரியும். டென்மார்க்கில் 30 முதல் 45 வயது வரையான 5,26,056 ஆண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டுச் சராசரி பி.எம்.2.5 நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 2.9 மைக்ரோகிராம் கூடினால், மலட்டுத்தன்மை கண்டறியப்படும் அபாயம் 24 சதவீதம் கூடியது. உடல் பருமன், புகைப்பழக்கம் போன்ற விவரங்கள் அந்தப் பதிவேடுகளில் இல்லை. அது உண்மையான குறை. ஆனால் அந்தக் குறையை நிரப்ப வேறு வகைச் சான்று இருக்கிறது. கனடாவின் ஹாமில்டனில் எஃகு ஆலைகளுக்கு அருகே எலிகளை வைத்து, ஒரு பகுதிக்கு மட்டும் துகள் வடிகட்டிய காற்றைக் கொடுத்தார்கள். வடிகட்டிய காற்றைச் சுவாசித்தவற்றின் குட்டிகளில் பரம்பரை மரபணு மாற்றங்கள் 52 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு பெரும்பாலும் தந்தை வழியில் வந்தது. எலி மனிதனல்ல என்பது சரி. ஆனால் எலிக்குச் சிகரெட்டும் இல்லை, வேலை அழுத்தமும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மாற்றப்பட்டது காற்றிலிருந்த துகள் மட்டுமே.

இந்தியாவில் பி.எம்.2.5க்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. டென்மார்க்கில் 2.9 மைக்ரோகிராம் வேறுபாட்டிலேயே அபாயம் கூடித் தெரிந்தது. இந்திய வரம்பை வகுத்தபோது கணக்கில் இருந்தவை நுரையீரலும் இதயமும்தான் என்றால், அதை மறுபடியும் கணக்கிட்டாக வேண்டும்.