ஊசி தரும் நான்கு வாரங்கள்

மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரடியாகச் செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் 1951இல் வெளியிட்டதிலிருந்து, ஸ்டீராய்டு ஊசி மூட்டுவலிக்கு மட்டுமன்றி, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களின் காயங்களுக்கும் வாடிக்கையான மருந்தாகிவிட்டது. அழற்சியை, அதாவது திசுவின் வீக்கத்தையும் வெம்மையையும், அடக்குவதில் அதன் வல்லமையை மறுப்பதற்கில்லை. ஆனால் துணி பிழிகிறவரையும் சுத்தியல் பிடிக்கிறவரையும் வாட்டும் ‘டென்னிஸ் எல்போ’ எனும் முழங்கை வலி நாட்படும்போது, அங்கே மிகுந்திருப்பது பெரும்பாலும் அழற்சியன்று, தசைநாண் நார்களின் சிதைவே. 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஸ்டீராய்டு பெற்றவர்கள் நான்காம் வாரத்தில் வெற்று உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட மிகவும் தேறியிருந்தனர். ஓராண்டுக்குள்ளோ அவர்களுள் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது, உப்புநீர் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கே திரும்பியது. மருந்துக் கடையில் விலைபோகும் நிவாரணம் அந்த நான்கு வாரம்தான். மிச்சத்தை எவரும் நோயாளிக்குச் சொல்வதில்லை. முழங்கால் தேய்மானத்திலும், பன்னிரண்டு வாரத்துக்கொரு முறை ஈராண்டுகள் ஊசி போட்ட 2017ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, எலும்பு முனைகளுக்கு மெத்தையாயிருக்கும் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததையும், வலியில் வேறுபாடு இல்லாததையும் காட்டியது. நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பிரித்த தட்டணுக்களைச் செலுத்தும் ‘பிஆர்பி’ முறையும் முழங்கால் தேய்மானத்துக்கான 2021ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஆய்வில் உப்புநீரை விஞ்சவில்லை. வீங்கித் தூக்கம் கெடுக்கும் மூட்டுக்கு எப்போதாவது ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவது தகும். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கான பயிற்சியைச் சீட்டில் எழுதாமல் அடுத்த ஊசிக்கு மட்டும் நாள் குறிப்பது தகாது.