ஊருக்கே தெரிந்த கொலையில் மர்மம் எங்கே?

அமைதியான சிறிய ஊர். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒருநாள் ஒரு பிணம் கிடக்கிறது. துப்பறிபவர் வந்து ஒவ்வொருவராக விசாரித்து, கடைசியில் ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார். அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும் ஊர் பழையபடி அமைதியாகிறது.

ஆங்கிலத்தில் இதைக் 'கோஸி மிஸ்டரி' என்கிறார்கள். அகதா கிறிஸ்டி 1930இல் மிஸ் மார்ப்பிளை நாவலுக்குள் கொண்டுவந்ததிலிருந்து இந்தக் கதைக்கு மவுசு குறையவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலச் சிற்றூர்களை வைத்து இன்றும் எழுதிக் குவிக்கிறார்கள். தமிழிலும் உண்டு. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் நாட்டுப்பாடல் சேகரிக்கப் பட்டணத்து இளைஞன் கிராமத்துக்குப் போகிறான். ஜமீன் மாளிகையில் கொலை நடக்கிறது. 2022இல் வந்த 'சுழல்' தொடரில் மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கும்போது ஒரு பெண் காணாமல் போகிறாள். காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் நம் பிள்ளைகள் இவற்றைச் செல்போனில் விடிய விடியப் பார்க்கிறார்கள். நாங்களும் பார்க்கிறோம். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கதைவடிவம் நம்மை எதை நம்பவைக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஊர் நல்லது, கெட்டவன் ஒருவன்தான், அவனை நீக்கிவிட்டால் போதும் என்று அது நம்பவைக்கிறது. நமக்குத் தெரிந்த கொலைகள் இதற்கு நேர்மாறானவை.

தென்மாநிலங்களையே எடுத்துக்கொள்வோம். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூரில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான். செய்தது யார் என்று ஊருக்கே தெரியும். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டே அந்த இருவரும் ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அங்கே துப்பறிய என்ன இருந்தது?

இங்கே விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில், தலித் இளைஞர் முருகேசனுக்கும் அவர் காதலித்து மணந்த கண்ணகிக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஒளிவுமறைவாக நடந்ததல்ல, ஊர் பார்க்க நடந்தது. பிறகு உள்ளூர்ப் போலீஸ்தான் ஒரு மர்மக்கதை எழுதியது: கொலையானவரின் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சிபிஐக்குப் போய், 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களில் இருவர் போலீஸ்காரர்கள். 2025இல் உச்ச நீதிமன்றமும் அந்த 13 பேரில் 11 பேரைக் குற்றவாளிகள் என உறுதிசெய்தது. 'யார் செய்தது' என்பதற்கு முதல் நாளே பதில் இருந்தது. அந்தப் பதிலை நீதிமன்றத்தில் நிலைநிறுத்த 18 ஆண்டுகள் ஆயின.

கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். மனிதர்கள் சொல்லத் தயங்கியதைத் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி கேமரா சொன்னது. 2022இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. துப்பறியும் கதையில் தடயம் கிடைத்தால் போதும், கதை முடிந்துவிடும். இங்கே தடயத்தைக் காப்பாற்றுவதும் சாட்சியை உயிரோடு வைத்திருப்பதும்தான் பெரும்பாடு.

இன்னொன்று, சந்தேகம் யார்மேல் விழுகிறது என்பது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. மரபணுச் சோதனையெல்லாம் நடந்த பிறகு, 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றவாளிகளாகக் காட்டியது அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரை. அந்த மக்கள் அதை இன்றும் ஏற்கவில்லை.

நாளை ஒருவர் பழவேற்காட்டை வைத்து மர்மக்கதை எழுதலாம். ஏரி, பூநாரை, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறை என எல்லாமே தோதாக இருக்கின்றன. அந்தக் கதையில், பறியைப் பல்லில் கவ்வியபடி கையால் இறால் தடவும் இருளர் யாராக வருவார்? முதல் சந்தேக நபராகவா, பிணத்தைப் பார்த்துவிட்டுச் சாமி குத்தம் என்று அலறுபவராகவா? எந்தக் குப்பம் எங்கே வலை போடலாம் என்று முறைவைக்கும் 'பாடு' பற்றி, அந்த முறையில் இடமே இல்லாதவர்கள் பற்றிக் கதையில் ஒரு வரியாவது இருக்குமா? மர்மக்கதையின் 'ஊர்' பெரும்பாலும் ஊர்தான். சேரி அதன் வரைபடத்திலேயே இருப்பதில்லை.

எனவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை சொல்கிறோம். அடுத்த தொடரைப் பார்க்கும்போது, சேரி எங்கே என்று தேடுங்கள். போலீஸ் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணகி-முருகேசன் வழக்கின் தீர்ப்பையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாட்சிகளின் உரிமை பேசும் 15ஏ பிரிவையும் படியுங்கள்.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கொன்றது யார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் வாய் திறக்காத ஊரைப் பற்றி மீதிப் பக்கங்கள் பேசட்டும்.