பதினெட்டு வயதோடு முடிந்துவிடுமா ஆட்டிசம்?

உயர்மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பால் எழுந்த அமளியில், 2016-ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் பெரும்பகுதி வீணாயிற்று. அத்தொடரின் கடைசி நாளான டிசம்பர் 16-ஆம் தேதி, கட்சி வேறுபாடுகளைக் கடந்து மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதுவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா. இரண்டு நாள்களுக்கு முன்னரே மாநிலங்களவை அதற்கு ஒப்புதல் அளித்திருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசமும் அவற்றில் ஒன்று. 2017 ஏப்ரல் 19 முதல் இச்சட்டம் நடைமுறையில் உள்ளது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால், உள்ளே நுழைவதற்கான சீட்டு மருத்துவச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வளர்ந்த ஒருவர், அதுவும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் ஒருவர், எங்கே, யாரிடம், எவ்வளவு செலவில் பெறுவது என்ற கேள்விக்குத் தில்லியில் இதுவரை தெளிவான விடை இல்லை.

ஆட்டிசம் என்றாலே குழந்தைகள் என்ற எண்ணம் அரசின் திட்டங்களில் ஊறிக்கிடக்கிறது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலானவர்களைப் பரிசோதிப்பதோடு நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும், குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. பெரியவர்களைக் கண்டறிவது பற்றி அதில் பேச்சில்லை. ஆட்டிசமோ 18-ஆவது பிறந்தநாளன்று விடைபெற்றுக்கொள்ளும் காய்ச்சல் அன்று. அது மூளை வளர்ச்சியின் வேறுபாடு. வாழ்நாள் முழுவதும் உடன்வருவது.

இன்று 40 வயதைத் தாண்டியவர்கள் பள்ளியில் படித்த காலத்தில், ஆட்டிசம் என்ற சொல்லே நம் ஊர்களில் புழக்கத்தில் இல்லை. பேச்சும் படிப்பும் உள்ளவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் பரவலாக ஏற்றதே 1990-களில்தான். அக்குழந்தைகளுக்கு அன்று கிடைத்த பெயர்கள் "பிடிவாதக்காரன்", "ஊமைக்கொட்டான்", "யாரோடும் ஒட்டாதவள்" என்பவைதான். அவர்களே இன்று வேலையில் நிலைக்க முடியாமலும், மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை உட்கொண்டும் காலம் கழிக்கின்றனர்.

இங்கிலாந்தில் 2007-இல் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, பெரியவர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருப்பதைக் காட்டியது. ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அதற்கு முன் அது தெரிந்திருக்கவில்லை என்பதே அதிர்ச்சி. அந்த விகிதம் இங்கும் அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. பாதியளவே பொருந்தும் என்று கொண்டாலும், 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் இத்தீவுகளில் ஏறத்தாழ ஆயிரம் பெரியவர்கள் இருப்பர். அக்கணக்கெடுப்பின் படிவத்தில் ஆட்டிசத்துக்கெனத் தனி இடமே இல்லை. எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்கீடு எங்கிருந்து வரும்?

தீவுவாசிக்கு முதல் தடை மருத்துவரின் கட்டணம் அன்று, கடல். தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் கூட்டு மண்டல மையமும் அங்கு உண்டு. ஆனால், கேம்பல் பேயிலிருந்து தலைநகருக்கு 500 கி.மீ.க்கும் மேல் கடல் கடக்க வேண்டும். வானிலை கெட்டால் கப்பல் இல்லை. ஆட்டிசம் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை செய்து சொல்லிவிடக் கூடியதும் அன்று. பல அமர்வுகள் தேவை. உடன் வருபவர் தேவை. தங்க இடம் தேவை. அத்தனை நாளும் கூலி இழப்பு வேறு. பெரியவர்களைக் கண்டறிவதில் தேர்ந்த நிபுணரை நாடிச் சென்னைக்குச் செல்வதென்றால் 1,200 கி.மீ. பயணம்; கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். சத்தமும் நெரிசலும் ஆகாத ஒருவருக்கு அந்தப் பயணமே தண்டனை.

இரண்டாவது தடை அளவுகோல். செகந்தராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கி, 2009-இல் வெளியான இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலையே 2016-இல் மத்திய அரசு சான்றிதழுக்கு அடிப்படையாக்கியது. அதில் 40 கேள்விகள். 70 மதிப்பெண்ணுக்குக் கீழ் பெற்றால் ஆட்டிசம் இல்லை. இந்த அளவுகோல் 3 முதல் 22 வயது வரையிலானவர்களிடம் சோதித்துத் தரப்படுத்தப்பட்டது. வாழ்நாளெல்லாம் பிறரைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொண்ட 45 வயதுப் பெண்ணை இது சரியாக அளக்குமா? வெளிநாட்டுக் கருவிகளோ விலை மிக்கவை. அவற்றைக் கையாளத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

மூன்றாவது தடை குழந்தைப் பருவச் சான்று. எத்தனை வயதில் பேசினார், எப்படி விளையாடினார் என்று மருத்துவர் பெற்றோரிடம் கேட்பது வழக்கம். தீவுவாசிகளில் பலர் பெருநிலப்பரப்பில் உறவுகளை விட்டுக் குடியேறியவர்கள். தமிழ் பேசுவோர் மட்டும் சுமார் 15 விழுக்காடு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு, 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த தீவுகளுள் ஒன்று. பெற்றோரையும் பள்ளி ஆவணங்களையும் கடல் கொண்டுபோன ஒருவர், எந்தச் சாட்சியை அழைத்து வருவார்?

'இத்தனை வயதில் தெரிந்து என்ன பயன்?' என்று கேட்போர் உண்டு. பயன் உண்டு. அரசு வேலைவாய்ப்பில் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு. 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. தேவைப்படுவோருக்குச் சட்டப்படியான பாதுகாவலர். இவை எல்லாவற்றுக்கும் சான்றிதழே திறவுகோல். அதனினும் மேலாக, தன் மீதே சுமத்திக்கொண்ட பழியிலிருந்து ஒரு மனிதருக்குக் கிடைக்கும் விடுதலைக்கு விலை ஏது?

போலிச் சான்றிதழ்கள் பெருகிவிடும் என்ற அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. 2024-இல் விதிகள் திருத்தப்பட்டு, சான்றிதழ் வழங்கும் கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது. ஆனால், போலிகளைத் தடுப்பது பயிற்சி பெற்ற நிபுணரின் கண்ணே தவிர, நீளும் காலவரம்பு அன்று. வசதி படைத்தவருக்குக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்லை. கப்பலுக்குக் காத்திருப்பவரே அதில் நசுங்குகிறார்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தின் கீழ்தான் தீவுகளின் கூட்டு மண்டல மையம் இயங்குகிறது. அங்குள்ள நிபுணர் குழு, நாள் குறித்து ஆண்டுக்கு இருமுறையேனும் வெளித் தீவுகளுக்குச் செல்லலாம். 2022-இல் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவை, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை வழங்குகிறது. முதற்கட்ட மதிப்பீட்டை அதன் வழியே முடித்துவிட்டால், இறுதி அமர்வுக்கு மட்டும் பயணம் போதும். அப்பயணச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். பெரியவர்களுக்கான இந்திய அளவுகோலைத் தமிழ், வங்காளம், நிக்கோபாரி உள்ளிட்ட மொழிகளில் இலவசமாக உருவாக்க வேண்டும். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனி இடம் வேண்டும்.

இங்குதான் அரசியல் வருகிறது. இத்தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை. மாநிலங்களவையில் இடம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். கேள்வி எழுப்பத் தமிழக உறுப்பினர்களுக்கும் கடமை உண்டு. இங்கிலாந்தில் ஆளுங்கட்சியைச் சேராத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், 2009-இல் ஆட்டிசம் கொண்ட பெரியவர்களுக்கான சட்டமாக மலர்ந்தது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் அமைக்கப் பல்லாயிரம் கோடி ரூபாய் திட்டமிடும் அரசுக்கு, ஒரு மருத்துவக் குழுவைக் கப்பலேற்றுவது சுமையாகாது. 25-ஆவது பிரிவு 'அருகிலேயே மருத்துவ வசதி' என்று வாக்களித்திருக்கிறது. 500 கி.மீ. கடலுக்கு அப்பால் இருப்பதை அருகில் என்று எந்த அகராதியும் சொல்லாது.